மூன்று மீட்டர்

தொட்டபெட்டா இரண்டாயிரத்து அறுநூற்று முப்பத்தேழு.
மீசைப்புலிமலை இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
போடிமெட்டுச் சாவடியில் இரவுப்பணி பார்க்கிறவனுக்கு
இது போதும், தூக்கம் கெட.

ஒரு ஜீப்,
ஜீப்மேல் ஏலக்காய் மூட்டை,
மூட்டைமேல் குத்துக்காலிட்ட ஒரு பையன்:
அவ்வளவுதான் மூன்று மீட்டர்.
அவ்வளவில் தோற்றுக் கிடக்கிறோம்.

ஆனைமுடியை நான் பேச்சில் சேர்ப்பதில்லை.
ஆனையிடம் தோற்றால் கேவலமில்லை.
இது வெறும் மீசை.

"பேரைப் பாரும் குரியாச்சன்," என்றேன் ஒருநாள்.
"மீசை, புலி, மலை. மூன்றும் தமிழ்.
கோடு கிழித்தவன் பேரைப் படிக்காமல் கிழித்துவிட்டான்."
அந்தப் பக்கத்துச் சாவடிக்காரர் அவர்.
கட்டஞ்சாயாவை ஆற்றியபடி சொன்னார்:
"மீசயும் புலியும் மலயும்
ஞங்களுக்கும் அதேதான் சாரே."

கொழுக்குமலையாவது எங்களுடையது என்றிருப்பேன்.
ஆனால் அதற்குப் போகிற ஜீப்பும்
சூரியநெல்லியைச் சுற்றித்தான் ஏறுகிறது.

சாயங்காலம் மலைநிழல் இறங்கும்.
அனுமதிச்சீட்டு இல்லை, மூட்டைக் கணக்கு இல்லை,
சாவடிக் கட்டையைக் குனியாமல் தாண்டி
முந்தல் வரை வழிந்து
போடியில் ஒச்சம்மா மாடியில் காயப்போட்ட
என் காக்கிச் சட்டையை ஈரத்தோடு மூடும்.
உயரம் அவர்களுக்கு.
சீக்கிரமே வரும் இருட்டு எங்களுக்கு.
பதிவேட்டில் இதை எழுதக் கட்டம் இல்லை.

ஐப்பசியில் குரியாச்சனின் மகள் ஜின்சி அழைத்தாள்.
சிக்கிமில் ராணுவ ஆஸ்பத்திரி நர்ஸ்.
ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன்.
ஜன்னலில் ஒரு மலை தெரிகிறதாம்.
ஆறாயிரம் மீட்டர் இருக்குமாம்.
பேரென்ன என்று கேட்டாளாம்.
அதற்கெல்லாம் பேர் கிடையாது என்றார்களாம்.

வெளியே வந்து பார்த்தோம்.
மஞ்சுக்குள் எங்கள் மலை
நனைந்த எருமை முதுகைப்போல் படுத்திருந்தது.
நானும் அவரும் ஒரே பக்கம் நின்று பொறாமைப்பட்டது
அன்றுதான்.

"அங்ஙனே உயரத்தில சோறு வேகாதாம்,"
வெகுநேரம் கழித்து அவர்தான் சொன்னார்.
"குக்கர் இல்லாட்டி அரிசி அரிசியாவே கிடக்குமாம்."
எங்கள் அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது.
ஓடிப்போய் மூடியைத் தூக்கினேன்.

மாசியில் அவர் மீசைப்புலி ஏறிவிட்டு வந்தார்.
சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது
இட்லி அளவு ஒரு கல்.
"இந்தா. எங்களுக்கு இவ்வளவு குறைஞ்சாச்சு.
கொண்டுபோய் உங்க உச்சியில வை.
ஒரே கல்லில் ரெண்டு லாபம்."

சித்திரையில் ஊட்டிக்குப் போனோம்.
ஒச்சம்மாவிடம் சொல்லவில்லை.
கைப்பை ஏன் இப்படிக் கனக்கிறது என்று
மேட்டுப்பாளையத்திலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

தொட்டபெட்டாவின் உச்சியைத் தேடினேன்.
சிமெண்டுத் தரை, கம்பி வேலி,
செல்ஃபிக்கு வரிசை.
கல் வைக்க மலை எங்கே என்று யாரிடம் கேட்பது?
கையில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து
சோளக்கதிர் சுடுகிற அம்மா கத்தினாள்:
"அண்ணே, வண்டி உருளுது, அந்தக் கல்லக் குடுங்க!"

குனிந்து சக்கரத்தடியில் முட்டுக்கொடுத்தேன்.
வண்டி நின்றது.
எலுமிச்சையும் உப்பும் தடவி
காசு வாங்காமல் ஒரு கதிர் தந்தாள்.

"வெச்சாச்சா?" என்றார் குரியாச்சன்.
"வெச்சாச்சு."
"இனி எத்தர பாக்கி?"
கணக்குப் போட ஆரம்பித்தேன்.
அதற்குள் கீழ் வளைவில் ஹாரன்,
தேவாரத்திலிருந்து தோட்டவேலைக்கு ஏறும் முதல் ஜீப்.
இரண்டு பேரும் எழுந்து
அவரவர் கட்டையைத் தூக்கப் போனோம்.